மகளைக் கொடுத்த மனுஷர்

ஒவ்வொரு வருஷமும் மிஷன் ஞாயிறு அன்று, காணிக்கைப் பாட்டுக்குச் சற்று முன்னால், எங்கள் பாஸ்டர் பென்துங் மேடையிலிருந்து ஆண்கள் பக்கம் பார்த்துச் சொல்வார்: "தன் ஒரே மகளைக் கர்த்தருக்குக் கொடுத்த தகப்பன் நம்ம நடுவுல இருக்கார். லிபெமோ ஐயா, கொஞ்சம் எழுந்து நில்லுங்க."

லிபெமோ மாமா எழுந்து நிற்பார். கோட்டுப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் விளக்கைப் பார்ப்பார். நாங்கள் கை தட்டுவோம். நான் பலமாகவே தட்டுவேன். அவர் என் பக்கத்து வீட்டுக்காரர். அந்தப் பெருமையில் எனக்கும் கொஞ்சம் பங்கு இருப்பதாக ஒரு நினைப்பு.

அவர் லாரி ஓட்டியவர். எங்கள் மலையிலிருந்து இஞ்சியும் ஆரஞ்சும் ஏற்றிக்கொண்டு அஸ்ஸாம் சமவெளிக்கு இறங்கி, உப்பும் தகரமும் ஏற்றிக்கொண்டு திரும்புவார். இன்ஜின் சத்தத்திலேயே ஆயுசைக் கழித்ததால் காது மந்தம். மகள் ரோன்பெனி வோக்கா டவுன் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தாள். ஒரு வாலிபர் முகாமுக்குப் போய்விட்டு வந்தவள், கம்போடியாவில் ஆற்றங்கரை ஊர் ஒன்றில் ஆதரவில்லாத பிள்ளைகள் நடுவில் ஊழியம் செய்யப் போகிறேன் என்றாள். சபை கொண்டாடியது. எங்கள் ஊரிலிருந்து கடல் தாண்டிப் போன முதல் ஆள் அவள்தான். தலையில் கை வைத்து ஜெபித்து, எங்கள் இனத்துச் சால்வையைப் போர்த்தி அனுப்பினோம். டிமாப்பூர் ஏர்போர்ட் வரைக்கும் மாமாதான் வண்டி ஓட்டினார். போகும்போது ஒரு வார்த்தை பேசவில்லை என்று உடன் போனவர்கள் சொன்னார்கள். பக்தியில் பேச்சு வரவில்லை என்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டோம்.

அப்புறம் மாமாவின் சம்சாரம், எங்கள் அத்தை, இறந்துபோனாள். மழைக்காலம். பாதை இரண்டு இடத்தில் சரிந்து கிடந்தது. ரோன்பெனி விமானம் மாறி மாறி டிமாப்பூருக்கு வந்துவிட்டாள், ஆனால் மலையேற முடியவில்லை. அவள் வந்து சேர்ந்தபோது மண் மூடி, மேலே வைத்த பூவும் வாடியிருந்தது. ஒரு மாதம் கூட இருக்கவில்லை, திரும்பிப் போனாள். அந்த வருஷ மிஷன் ஞாயிறன்றும் மாமாவை எழுந்து நிற்கச் சொன்னோம். கை தட்டல் வழக்கத்தை விட நீளமாக இருந்தது.

அதற்கப்புறம் அவர் வீட்டில் ஒரு ஆளுக்குத்தான் சமையல். எங்கள் இரண்டு அடுக்களைக்கும் நடுவில் ஒரு மூங்கில் தட்டிதான். அவர் பானையைச் சுரண்டுவது எனக்குக் கேட்கும். பேச்சு மட்டும் கேட்காது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சபையில் மிஷனுக்குக் கொடுப்பது குறைந்துபோனது. காரணம் எல்லோருக்கும் தெரியும். புது ஆலயம் கட்டிக்கொண்டிருந்தோம். பக்கத்து ஊர்க்காரர்கள் இரட்டைக் கோபுரம் வைத்துவிட்டார்கள். நாங்கள் சும்மா இருக்க முடியுமா? தரைக்குக் கல், ஜன்னலுக்குக் கலர் கண்ணாடி என்று எல்லாம் அங்கேயே போனது. ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை மிஷனுக்கென்று தனி டப்பாவில் போடுவது எங்கள் பெண்களின் வழக்கம். அந்த அரிசி கூட மேஸ்திரிகளுக்குச் சோறு போடப் போய்விட்டது. புதன்கிழமை மிஷன் ஜெபத்துக்கு நாலைந்து பெண்கள் வந்தால் அதிகம்.

மிஷன் கமிட்டிக்குச் செயலாளர் எரானோ அக்கா. குரல் பெரியது, மனசும் பெரியதுதான், ஆனால் குரல்தான் முதலில் வரும். நவம்பரில் ஒரு சாயங்காலம் நானும் மாமாவும் அவர் அடுப்படியில் பால் விடாத டீ குடித்துக்கொண்டிருந்தபோது செருப்பைக் கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள்.

"அண்ணே, இந்த வருஷம் நீங்க நிக்க வேணாம்," என்றாள்.

மாமா நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை நான் பார்த்தேன்.

"பேசணும்," என்றாள் அக்கா.

"என்னது?"

"பேசணும்ணே! பத்து நிமிஷம். மைக் முன்னாடி. ஜனங்களோட மனசு கல்லாப் போச்சு. ஜன்னலுக்குக் கண்ணாடி வாங்க ஓடுறாங்க, ஊழியக்காரங்களுக்கு அனுப்புறதுக்குக் கை வரமாட்டேங்குது. நான் பேசினா, 'இவ எப்பவும் கத்துவா'ன்னு வெத்தலை போடப் போயிடுறாங்க. பாஸ்டர் பேசினா கொட்டாவி. நீங்க பேசினா அழுவாங்க."

"எனக்குப் பேச வராது எரானோ."

"லாரில போலீஸ்காரன் கிட்ட எல்லாம் பேசித்தானே தப்பிச்சு வந்தீங்க? கர்த்தருக்காகப் பேசறதுக்கு மட்டும் நாக்கு ஒட்டிக்குமா?"

நான் சிரித்துவிட்டேன். மாமா சிரிக்கவில்லை. அடுப்பில் ஒரு விறகைத் தள்ளிவிட்டு, "என்ன சொல்லணும்?" என்றார்.

"நடந்ததைச் சொல்லுங்க. மகளை எப்படிக் கொடுத்தீங்க, கொடுத்ததுல என்ன சந்தோஷம், அதைச் சொல்லுங்க. கொடுத்தவர் சொன்னாத்தான் கொடுக்காதவனுக்கு உறைக்கும்."

அவள் போனபிறகு மாமா அடுப்பை அணைத்தார். "மாப்ளே, நாளைக்கு இஞ்சி பிடுங்க ஆள் வருதா?" என்று மட்டும் கேட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் அவர் தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு ஏறிப்போனார். எங்கள் ஊரில் ஃபோன் சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது அங்கேதான். ரோன்பெனியிடம் அவர் பேசியதைப் பிற்பாடு அவரே எனக்குச் சொன்னார்.

"நாளைக்கு என்னைப் பேசச் சொல்லியிருக்காங்கம்மா. உன்னைப் பத்தி."

"ஐயோ அப்பா, என்னைத் தூக்கி வச்சுப் பேசாதீங்க. ஜெபம் பண்ணச் சொல்லுங்க, போதும்."

"சரி."

"நீங்க எனக்காக ஜெபம் பண்றீங்கல்ல?"

"பண்ணாம இருப்பேனா? தினமும்."

"என்னன்னு கேட்பீங்கப்பா?"

இந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை. "நீ நல்லா இருக்கணும்னு," என்றார். லைன் இரைந்தது. அவள் என்னவோ சொன்னாள், அவருக்குக் கேட்கவில்லை. "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி வைத்துவிட்டு, சிமென்ட் மேடையில் உட்கார்ந்துவிட்டாராம்.

மிஷன் ஞாயிறன்று சபை நிறைந்திருந்தது. வாசலில் வாழைத்தார், பூசணி, சேம்பு, புகை போட்ட இறைச்சி, காலைக் கட்டிய கோழிகள் என்று காணிக்கைப் பொருள்கள் குவிந்திருந்தன. ஆராதனை முடிந்ததும் அவற்றை ஏலம் விடுவது என் வேலை. அது வருஷம் தவறாமல் ஊரே சிரிக்கிற நேரம். என்ன நகைச்சுவை சொல்லலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டபடி உட்கார்ந்திருந்தேன். பாடகர் குழு பாடியது. எரானோ அக்கா அறிக்கை வாசித்தாள். பிறகு பாஸ்டர், "இந்த வருஷம் அவரை எழுந்து நிக்கச் சொல்லப் போறதில்லை. இங்க மேலயே வரச் சொல்றேன்," என்றார். கை தட்டல் எழுந்தது.

மாமா மேடைக்குப் போனார். மைக்கை இரண்டு கையாலும் பிடித்தார். கொஞ்ச நேரம் மூச்சு விடும் சத்தம் மட்டும் ஸ்பீக்கரில் வந்தது.

"எல்லாருக்கும் வந்தனம்," என்றார். "மகளை எப்படிக் கொடுத்தேன்னு சொல்லச் சொன்னாங்க. நான் கொடுக்கல."

யாரோ சிரித்தார்கள். தாழ்மையாகப் பேசுகிறார் என்று நினைத்திருப்பார்கள்.

"நெசமாத்தான் சொல்றேன். நான் கொடுக்கல. அவ போனா. போகாதேன்னு சொல்ல வாய் வரல, ஏன்னா நீங்க எல்லாரும் பாட்டுப் பாடிக்கிட்டு இருந்தீங்க. இத்தனை வருஷமா நீங்க கை தட்டும்போதெல்லாம், திருடின கோழியும் கையுமா நிக்கிற மாதிரி நின்னேன்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"நீங்க புதன்கிழமை கூடி ஜெபம் பண்ணுவீங்க. அவ அங்க நிலைச்சு நிக்கணும், ஊழியம் வளரணும்னு. நானும் ஜெபம் பண்ணுவேன், தினமும் காலையில அடுப்பு மூட்டும்போது. 'ஆண்டவரே, அவளைத் திருப்பி அனுப்பு.' அது ஒண்ணுதான் என் ஜெபம். வேற எதுவும் கேட்டதில்ல. நீங்க எல்லாரும் ஒரு பக்கம் இழுத்தீங்க, நான் ஒருத்தன் இந்தப் பக்கம் இழுத்தேன். அவளுக்கு டைபாய்டு வந்தது ஞாபகம் இருக்கா? நீங்க உபவாசம் இருந்து முழங்கால்ல நின்னீங்க. நானும் உங்களோடதான் நின்னேன். ஆனா எனக்குள்ள ஒரு சந்தோஷம். இதோட பயந்து வந்துடுவான்னு. பெத்த பிள்ளை காய்ச்சல்ல கிடக்கா, அப்பன் சந்தோஷப்படுறான். அப்படி ஒரு அப்பனைத்தான் நீங்க எழுந்து நிக்கச் சொன்னீங்க."

பெண்கள் பக்கம் ஒரு குழந்தை அழுதது. தாய் அதை வெளியே தூக்கிப் போகக் கூட எழுந்திருக்கவில்லை.

"காணிக்கை போடச் சொல்லிப் பேசணும்னு எரானோ சொன்னா. போடுங்க. அங்க என் மக சாப்பிடணும், பிள்ளைங்களைச் சாப்பிட வைக்கணும். ஆனா என்னைப் பார்த்துப் போடாதீங்க. ஜெபமும் பண்ணுங்க. ஆனா ஒண்ணு கேக்கறேன். அவ அங்க என்ன சாப்பிடுறா? ராத்திரி தனியா இருக்கப் பயமா இருக்கா? பக்கத்து வீட்டுல யாரு இருக்கா? யாருக்காவது தெரியுமா? எனக்கும் தெரியாது. நான் கேட்டதே இல்ல. கேட்டா அவ அங்கதான் இருக்கான்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்னு கேக்கல. நீங்க ஏன் கேக்கலன்னு எனக்குத் தெரியல. அவ்வளவுதான்."

மைக்கை அதன் இடத்தில் வைக்கத் தெரியாமல் பாஸ்டர் கையில் கொடுத்துவிட்டு இறங்கி வந்தார்.

பாஸ்டர் பென்துங் நல்ல மனுஷர், இளவயசு. என்ன செய்வதென்று தெரியாமல், "ஜெபிப்போம்," என்றார். எங்கள் சபையில் அந்தச் சொல் வந்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் வாய்விட்டு ஜெபிப்போம். தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி இருக்கும். அன்றைக்கு அந்த மழை தொடங்கவில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாக யாரோ முனகினார்கள். பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு, அந்த மனுஷரின் ஒவ்வொரு இருமலும் கேட்கும் தூரத்தில் இருந்துகொண்டு, எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

ஏலம் நொண்டியடித்தது. "இந்தப் பூசணியை வாங்குறவருக்குப் பொண்டாட்டி ஒரு வாரத்துக்கு வாயைத் திறக்க மாட்டா" என்றேன். போன வருஷம் இதே மாதிரி ஒன்றுக்கு ஊரே உருண்டது. இந்த முறை இரண்டு பேர் மரியாதைக்குச் சிரித்தார்கள். மாமா நின்ற இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் காலியாக இருந்தது. யாரும் விரோதமாக இல்லை. என்ன பேசுவதென்று தெரியாமல் அடுத்த பக்கமாக நடந்தார்கள்.

எரானோ அக்கா மட்டும் நேராகப் போனாள்.

"என்னை நடுத்தெருவுல நிறுத்திட்டீங்களேண்ணே," என்றாள். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "ஒன்பது வருஷமா வீடு வீடாப் போய்ப் பிச்சை எடுக்கிற மாதிரி எடுத்து அனுப்புறேன். உங்க மகளுக்குத்தான் அனுப்புறேன். நீங்க பேசினா நாலு பேர் கூடக் கொடுப்பாங்கன்னு நம்பினேன். இப்ப, பெத்த அப்பனுக்கே இஷ்டமில்லையாம், நாம ஏன் கொடுக்கணும்னு கேப்பாங்க. நான் என்ன பதில் சொல்லட்டும்?"

"மன்னிச்சுக்க எரானோ."

"மன்னிக்கிறதுக்கு என்ன இருக்கு? பொய்யா சொன்னீங்க?" அவள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு போய்விட்டாள்.

மாமா விருந்துக்கு நிற்கவில்லை. நான் ஒரு தட்டில் சோறும் மூங்கில் குருத்து போட்ட பன்றிக்கறியும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். வாங்கி வைத்துக்கொண்டார். நானும் உட்கார்ந்தேன். வெளிச்சம் இருக்கும்போதே எழுந்து வந்துவிட்டேன்.

இந்தக் காலத்தில் எந்தப் பேச்சும் ஊருக்குள் தங்குவதில்லை. யாரோ பையன் ஃபோனில் பதிவு செய்து ரோன்பெனிக்கே அனுப்பிவிட்டான். புதன்கிழமை காலையில் தொட்டிக்கு வருகிற குழாய் வெடித்திருந்தது. நான் மேட்டில் அதைச் சரி செய்துகொண்டிருந்தபோது மாமா ஃபோனைக் கையில் ஏந்தியபடி மூச்சு வாங்க ஏறி வந்தார். காது கேட்காததால் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். நான் கிளம்பப் பார்த்தேன். "இரு மாப்ளே, உன் வேலையைப் பாரு," என்றார். தனியாக இருக்கப் பயந்தார் என்று நினைக்கிறேன்.

"அப்பா," என்றாள் ரோன்பெனி.

"கேட்டுட்டியா?"

"கேட்டேன்."

"கோவமா?"

"முதல்ல கோவம் வந்துச்சு. எல்லார் முன்னாடியும் இப்படிச் சொல்லிட்டீங்களேன்னு. அப்புறம் திரும்பக் கேட்டேன்." அவள் குரல் உடைந்தது. "அப்பா, அந்த டைபாய்டு... எனக்கும் சந்தோஷமா இருந்துச்சுப்பா. இதைச் சொல்லி வீட்டுக்குப் போயிடலாம்னு. படுத்துக்கிட்டே பையில என்னென்ன வைக்கணும்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன்."

மாமா ஃபோனைக் காதுக்கருகே கொண்டுபோனார், ஸ்பீக்கரில் இருப்பதையே மறந்து. "அப்ப ஏம்மா வரல?"

"எப்படிப்பா வர? நீங்க அத்தனை சந்தோஷமாக் கொடுத்திருக்கீங்கன்னு சபைல இருந்து எனக்கு எழுதறாங்க. அம்மா போனப்ப கூட நீங்க அழாம நின்னீங்கன்னு சொன்னாங்க. நான் மட்டும் முடியலன்னு வந்து நின்னா உங்க முகத்துல எப்படி முழிப்பேன்?"

இங்கே மாமா சிரித்தார். அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம். அந்தப் பக்கம் அவளும் அதே சத்தம் போட்டாள். நான் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு குழாயைப் பார்த்தபடி நின்றேன்.

"வந்துடுறியாம்மா?" என்றார் மாமா.

லைன் போய்விட்டதோ என்று அவர் ஃபோனைத் தட்டிப் பார்த்தார்.

"இருக்கேம்ப்பா," என்றாள். "மூணு நாளா அதைத்தான் யோசிச்சேன். எனக்கு இப்பத்தான் முதல் தடவையாத் தெரியுது, நான் வேணும்னா வரலாம்னு. வரலாம்னு தெரிஞ்சதும், இருக்கலாமேன்னு தோணுது. இங்க ரெண்டு பிள்ளைங்க இருக்கு. அக்கா தங்கச்சி. அம்மாக்காரி தாய்லாந்துக்கு வேலைக்குப் போனவ திரும்பி வரல. பெரியவ ஒரு வருஷமா யாரோடயும் பேசல. போன மாசம் என்கிட்ட வந்து, உப்பு குறைச்சலா இருக்குன்னா. அவ்வளவுதான் சொன்னா. என்னால இப்ப கிளம்ப முடியாதுப்பா."

மாமா தலையை ஆட்டினார். அவளுக்குத் தெரியாதே என்று நான் நினைத்தேன். அப்புறம் வாயால் சொன்னார். "சரி."

"கோவமா?"

"இல்ல." கொஞ்சம் யோசித்தார். "நீ அங்க என்ன சாப்பிடுற?"

அவள் சிரித்துவிட்டாள். "இதைக் கேக்க உங்களுக்கு ஒன்பது வருஷம் ஆச்சு. சோறுதான். ஆத்து மீனு. மீனை உப்புப் போட்டு ஜாடியில புளிக்க வைப்பாங்க, நம்ம வீட்டுப் புளிச்ச மூங்கில் குருத்தை விட மோசமா நாறும்."

"அதை விடவா?"

"சத்தியமா. முதல்ல வாந்தி வந்துச்சு, இப்ப அது இல்லாம சோறு இறங்கல."

"பக்கத்து வீட்டுல யாரு?"

"சோபியாப்னு ஒரு அக்கா. படகோட்டியோட சம்சாரம். காய்ச்சல்ல கஞ்சி வச்சுக் கொடுத்தது அவங்கதான். நம்ம சாமியைக் கும்பிடுறவங்க இல்ல. ஆனா நான் ஜெபிக்கும்போது கதவைச் சாத்தி, கோழி உள்ள வராம பாத்துக்குவாங்க."

இப்படியே பேசிக்கொண்டிருந்தார்கள். குழாயைச் சரி செய்து முடித்தும் நான் இறங்கவில்லை. கடைசியில் அவள், "ஜெபத்துல எனக்காக எதையும் கேக்க வேணாம்ப்பா. உங்களால முடியாதுன்னு தெரியும். சோபியாப் அக்காவுக்காகக் கேளுங்க. அந்தப் பெரியவ பேர் பல்லா, அவளுக்காகக் கேளுங்க," என்றாள். அவர் அந்தப் பெயர்களை நாலைந்து முறை சொல்லிப் பார்த்தார். அவள் திருத்தினாள். கடைசி வரை சரியாக வரவில்லை.

சபையில் என்ன ஆனது என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. எரானோ அக்கா பயந்தபடியே சிலர், "அப்பனுக்கே இஷ்டமில்ல" என்று சொல்லிக் கையை மடக்கிக்கொண்டார்கள். வேறு சிலர் கேட்காமலே கொண்டுவந்து கொடுத்தார்கள். என் மனைவி அரிசி டப்பாவை மறுபடி அடுப்பங்கரை அலமாரியில் எடுத்து வைத்தாள். நானும் சபை நிர்வாகத்தில் ஒரு டீக்கன்; எங்கள் கூட்டத்தில் கலர் கண்ணாடியை ஒரு வருஷம் தள்ளிப் போடலாம் என்று நான் சொன்னேன். பெரிய சண்டையாகி, பாதி ஜன்னலுக்குக் கண்ணாடி, பாதிக்குப் பலகை என்று முடிந்தது. பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கிறது. பக்கத்து ஊர்க்காரர்கள் இன்னும் கேலி செய்கிறார்கள்.

எரானோ அக்கா மூன்று வாரம் மாமாவோடு பேசவில்லை. நாலாவது புதன்கிழமை ஜெபக் குழுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்கே வந்தாள். இந்தத் தடவை செருப்பைக் கழற்றினாள்.

"அண்ணே, இத்தனை வருஷம் உங்களுக்கு எதிராவே ஜெபம் பண்ணியிருக்கோம், தெரியாம," என்றாள். "இனிமே ஒரே பக்கமா இழுக்கலாமான்னு கேக்க வந்தோம்."

மாமா யோசித்தார். "இழுக்கலாம். ஆனா சில நாள் என் கை தன்னால அந்தப் பக்கம் போகும். அப்ப திட்டக் கூடாது."

"திட்ட மாட்டேன். கொஞ்சம் அழுத்தி இழுப்பேன், அவ்வளவுதான்."

அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ரோன்பெனி என்ன சாப்பிடுகிறாள், படகோட்டியின் சம்சாரம் யார், உப்பு குறைச்சல் என்று சொன்ன பிள்ளை எது என்று அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். பெண்கள் குறுக்கே கேள்வி கேட்டார்கள். அந்தப் புளித்த மீனைப் பற்றி மட்டுமே வெகுநேரம் பேச்சு ஓடியது. பிறகு ஜெபித்தார்கள். டீ குடித்தார்கள். போய்விட்டார்கள். பேச்சும் சிரிப்புமாக இருந்த இடத்தில் டம்ளர்களைக் கழுவும் சத்தம் மட்டும் கேட்டது. புதன்கிழமை போனால் வியாழக்கிழமை வருகிறது. அதற்கு யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அடுத்த மிஷன் ஞாயிறன்று பாஸ்டர் அவரை எழுந்து நிற்கச் சொல்லவில்லை. ரோன்பெனி அனுப்பிய பெயர்களை வாசித்து, இவர்களுக்காக ஜெபிப்போம் என்றார். வெளியே வந்ததும் மாமா என் காதருகே, "கை தட்டாம இருந்தது கொஞ்சம் கஷ்டமாத்தான் இருந்துச்சு மாப்ளே," என்றார். இருவரும் சிரித்தோம்.

போன மாதம் ஒரு காலை, இருவரும் இஞ்சித் தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். பனி இன்னும் விலகவில்லை. பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளையாக நிறைந்து, டோயாங் ஆறு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. வளைவில் மாமா திடீரென்று நின்றுவிட்டார்.

"என்ன மாமா?"

"இன்னைக்குக் காலையில ஜெபத்துல பல்லாவுக்குக் கேட்டேன். சோபியாப்புக்குக் கேட்டேன். படகுக்காரனுக்கு முதுகு வலியாம், அவனுக்குக் கேட்டேன்." தலையில் மாட்டியிருந்த வாரைக் கழற்றி, முதுகுக் கூடையைக் கீழே வைத்தார். "எம் பொண்ணைத் திருப்பி அனுப்புன்னு கேக்க மறந்துட்டேன்."

அது நல்லதுதானே என்று சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, சொல்லவில்லை.

அவர் பாதையோரக் கல்லில் உட்கார்ந்தார். முகத்தைக் கையால் மூடிக்கொள்ளவில்லை. பனியைப் பார்த்தபடி, கண்ணீர் அது பாட்டுக்கு இறங்க, அப்படியே இருந்தார். ஏர்போர்ட்டில் அழாதது, அத்தையின் குழியருகே அழாதது எல்லாம் அதில் இருந்திருக்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். வோக்கா பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைக் கடந்து இறங்கியது. டிரைவர் தெரிந்தவன்; கை காட்டினான், மாமாவும் காட்டினார்.

"இப்ப கேட்டுடலாமா மாமா?" என்றேன்.

அவர் யோசித்துப் பார்த்தார். பிறகு வேண்டாமென்று தலையை ஆட்டினார்.

"இருக்கட்டும்," என்றார். "அவளுக்கு அங்க வேலை இருக்கு."

கூடையை எடுத்துத் தலையில் வாரை மாட்டிக்கொண்டு அவர் முன்னால் நடந்தார்.